கீழ்ப்பாக்கம், கஞ்சித்தொட்டி, எழும்பூர்: வடசென்னைப் பிள்ளைகளின் மனநலத்துக்கு எந்த ஆஸ்பத்திரிப் படி ஏறுவது?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் குறித்து 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கிப் படித்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பாக அவருடைய தந்தை தொடுத்த வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தனிச் சட்டம் வரும்வரை இவை எல்லாருக்கும் கட்டாயம் என்றும் நீதிமன்றம் சொன்னது.

இதெல்லாம் பள்ளி வாசலைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது: "பையனுக்கு கவுன்சலிங் குடுங்கம்மா." எங்கே, யாரிடம், எவ்வளவு செலவு என்று யாரும் சொல்வதில்லை. கவுன்சிலர் என்றால் திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் முதலில் நினைவுக்கு வருபவர் வார்டு கவுன்சிலர்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்ப் பார்க்கிற ஆள். அவரையா பார்க்கச் சொல்கிறார்கள் என்று ஒரு தாய் திகைத்தால் அதில் சிரிக்க எதுவும் இல்லை.

வடசென்னையில் மனநல சிகிச்சைக்கான இடங்கள் இல்லாமல் இல்லை. நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்றே இங்கேதான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிரச்சினைக்கு எந்த இடம் என்ற தெளிவு இல்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அலைகிற வேலை முழுவதும் குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் அம்மாவின் தலையில், விழுகிறது. அந்த அலைச்சலில் பாதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தவிர்க்கலாம்.

நான்கு பேர், நான்கு வேலை

'டாக்டர்', 'கவுன்சிலர்', 'சைக்காலஜிஸ்ட்' என்று கலந்துகட்டிச் சொன்னாலும் இவர்கள் ஒரே ஆள் இல்லை.

1. மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற பட்டம் பெற்றவர். நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, உள்நோயாளியாகச் சேர்ப்பது இவருடைய வேலை.

2. மருத்துவ உளவியலாளர். மருந்து எழுத மாட்டார். அறிவுத்திறன் சோதனை, கற்றல் குறைபாட்டுக்கான சோதனை, பேசிப் பேசியே சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை ஆகியவை இவரிடம். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். போன்ற தொழிற்பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பது நம் உரிமை.

3. மனநல சமூகப் பணியாளர். வீட்டுச் சூழல், பள்ளி, வருமானம், உதவித்தொகை என்று நோயைச் சுற்றியுள்ளவற்றைக் கவனிப்பவர். பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார். பலரும் இவரைக் கவனிப்பதில்லை. "எங்களுக்கு வேறு என்ன உதவி கிடைக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் இவரிடம்தான்.

4. ஆலோசகர். தேர்வு பயம், வீட்டுச் சண்டை, நட்பு முறிவு போன்றவற்றைப் பேசித் தீர்க்க உதவுபவர். சமூகப்பணியில் முதுகலை படித்தவரும் ஆலோசகர்தான்; மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அதே பெயரில் பலகை மாட்டிக்கொள்கிறார். பெயரை நம்பாமல் படிப்பைக் கேட்க வேண்டியது இங்கேதான்.

காசு கொடுத்து ஆலோசகரைத் தேடுவதற்கு முன், ஒருமுறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. செலவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது. சோர்வும் படிப்பில் நாட்டமின்மையும் ரத்தசோகையாலும் தைராய்டு கோளாறாலும் வரும். திடீர் மயக்கம் வலிப்பு நோயாக இருக்கலாம். அதையெல்லாம் சோதித்து விலக்க மருத்துவரால்தான் முடியும். உடலில் கோளாறு இல்லை என்று தெரிந்தபின் அவரே உளவியலாளரிடம் அனுப்புவார்.

வயசுக் கோளாறா, நோயின் அறிகுறியா

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாகக் கண்டது. 50 பேர் உட்காரும் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர். ஆகவே இது எங்கோ ஒரு வீட்டு விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் எல்லா முகச்சுளிப்பும் நோயாகிவிடாது. மூன்று கேள்விகள் உதவும்.

1. மாற்றமா? எப்போதும் வாயாடியாக இருந்த பிள்ளை மௌனமாகிவிட்டதா. அமைதியான பிள்ளை எரிந்து விழுகிறதா? இயல்பாகவே கூச்சப்படும் பிள்ளையின் கூச்சம் நோயில்லை.

2. எத்தனை நாளாக? தேர்வு முடிவு வந்த மூன்று நாள் அழுகை ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, விளையாட்டிலும் விருப்பமின்மை வேறொன்று.

3. அன்றாடம் நின்றுபோனதா? பள்ளிக்குப் போவது, குளிப்பது, நண்பர்களோடு பேசுவது இவற்றில் ஏதாவது தடைப்பட்டால் காத்திருக்க வேண்டாம்.

வளரிளம் பருவத்து மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் கோபமாக வெளிப்படுவது சகஜம். பெரியவர்களுக்கு வரும் மனச்சோர்வையே பார்த்துப் பழகிய நாம், கதவைச் சாத்திக்கொண்டு கத்தும் பையனைத் 'திமிர்' என்று முடித்துவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு அதே பிரச்சினை திங்கட்கிழமை காலை வயிற்று வலியாக வரும். ஸ்கேனில் எதுவும் இருக்காது. நடிப்பு என்று சொல்லி அடிப்பதால் வலி போவதில்லை. பிள்ளைக்கு அது நிஜமாகவே வலிக்கிறது.

இன்னொரு வகை இருக்கிறது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பது, தெருவில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது, டிவியில் தனக்குச் செய்தி வருகிறது என்பது. இவை பதின்பருவக் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டும் மனச்சிதைவு போன்ற நோய்களின் ஆரம்ப அறிகுறிகளாக இருக்கலாம். இதில் நாள் கடத்துவதுதான் பெரிய கெடுதல். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்குத் தேறும் வாய்ப்பு கூடுகிறது.

இருக்கும் இடங்கள்

ஸ்டான்லி. 1782 பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை இது. பழைய ஆட்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் கைக்காயம் முதல் நெஞ்சுவலி வரை ஓடுகிற இடம். அதே வளாகத்தில் மனநலத் துறையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதில் ஒரு சௌகரியம் உண்டு: ஸ்டான்லிக்குப் போய்வந்தோம் என்றால் தெருவில் யாரும் எதற்கு என்று குடைய மாட்டார்கள். எண்ணூர், விம்கோ நகர், திருவொற்றியூர்ப் பக்கத்தவர்கள் மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம். முதல் தடவைக்கு வடசென்னையின் வடபகுதிக்கு ஏற்ற இடம் இதுவே.

கீழ்ப்பாக்கம். சென்னையில் பெரிய பயம் இந்தப் பெயர்தான். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்ட வார்த்தை இல்லை. வேடிக்கை என்னவென்றால் அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இல்லை. அது அயனாவரத்தில், மேடவாக்கம் டேங்க் சாலையில் இருக்கிறது (தாம்பரம் பக்கத்து மேடவாக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆட்டோவில் ஏறும்போது அயனாவரம் என்று சொல்லிவிடுங்கள்). பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள கே.எம்.சி. எனப்படும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறு. அது பொது மருத்துவமனை. அங்கேயும் மனநலத் துறை உண்டு. முதல் முறை போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவதாக நினைத்து மற்றொன்றில் போய் நிற்பது நடக்கிறது.

அயனாவரம் மருத்துவமனையின் தொடக்கம் 1794. இப்போதுள்ள இடத்துக்கு 1871இல் வந்தது. அப்போது அதன் பெயரிலேயே 'பைத்தியக்கார விடுதி' என்ற பொருள் இருந்தது. 1922இல்தான் மனநல மருத்துவமனை என்று மாறியது. அடைத்துவைக்கிற இடம் என்ற நினைப்பு அந்தக் காலத்தின் மிச்சம். இன்று அங்கே வருகிறவர்களில் ஏராளமானோர் காலையில் வந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்பும் புறநோயாளிகள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், புளியந்தோப்புக் குடும்பங்களுக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய தூரம். பெயருக்கு அஞ்சி, பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு, வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் ஓடுகிற வீடுகளும் இதே தெருக்களில்தான் இருக்கின்றன.

எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. பேச்சு வராமை, ஆட்டிசம், ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு, வளர்ச்சித் தாமதம் என்றால் சின்னப் பிள்ளைகளை இங்கே கொண்டுபோகலாம். குழந்தைகள் வழிகாட்டி மையம் இங்கே இருக்கிறது. ஆனால் பொதுவாக 12 வயது வரைதான்.

அந்த 12 வயதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். குழந்தைகள் மருத்துவத்தின் எல்லை 12. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 18 வயது வரை. வளரிளம் பருவ நலத் திட்டத்துக்கு 10 முதல் 19. மனநலச் சட்டத்தில் 18க்குக் கீழே எல்லாரும் சிறார். ஆக, எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளை குழந்தைகள் மருத்துவமனைக்குப் பெரியவன், பெரியவர்கள் வரிசைக்குச் சின்னவன். நோய்கள் அதிகம் முளைக்கிற வயதில் இப்படி ஓர் இடைவெளி இருப்பது அமைப்பின் குறை, குடும்பத்தின் தவறில்லை. 13 வயதுக்கு மேல் என்றால் நேராக ஸ்டான்லியோ அயனாவரமோதான். எழும்பூரில் ஒரு நாள் வீணாக்க வேண்டாம்.

அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. மனச்சிதைவு நோயில், குறிப்பாக இளையோருக்கு முதல்முறை வரும்போது கவனிப்பதில், நெடுநாள் அனுபவம் உள்ளது. கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கத்தவர்களுக்கு எளிது.

வீட்டுக்கு அருகே உள்ள மாநகராட்சி சுகாதார மையத்தையும் மறந்துவிடக் கூடாது. மனநல மருத்துவர் அங்கே தினமும் உட்காருவதில்லை. ஆனால் அங்குள்ள மருத்துவர் எழுதித்தரும் பரிந்துரைச் சீட்டு, பெரிய மருத்துவமனையில் முதல் நாள் விளக்கத்தைச் சுலபமாக்கும். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தெந்த நாளில் எங்கே வருகிறது என்றும் அங்கே விசாரிக்கலாம்.

போன் எடுத்தால்

14416. டெலி மானஸ் எண் இது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை. "என் பொண்ணு நாலு நாளா ரூமை விட்டு வெளிய வரல, என்ன பண்றது?" என்று பெற்றவரே கேட்கலாம்.

104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். பள்ளி மாணவர்களுக்கென கல்வித்துறை வைத்திருப்பது 14417. வீட்டிலோ வெளியிலோ ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098. தற்கொலை எண்ணம் உள்ளவர்களோடு பேசுவதற்கென்றே 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த ஆலோசனை எண்ணும் வேண்டாம்; 108.

இறந்துவிடலாம் போலிருக்கிறது என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்பதே பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது. அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் எட்டாத இடத்தில் பூட்டிவைத்து, காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். நிலைமை மோசமென்று தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கு.

முதல் நாள் எப்படிப் போகும்

புறநோயாளிப் பிரிவு காலை வேளையில்தான். எட்டு மணிக்குள் போய்விட்டால் நல்லது. ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போனால் முதலில் ஓர் இளம் மருத்துவர் விவரங்களை எழுதிக்கொள்வார். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, பிரசவத்தில் சிக்கல் உண்டா என்று நிறையக் கேட்பார்கள். பிறகு மூத்த மருத்துவர் பார்ப்பார். பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்று பெற்றோரை வெளியே நிற்கச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம், அம்மா அப்பா முன்னால் எந்தப் பிள்ளையும் முழுதாகப் பேசாது.

உடன் கொண்டுபோக வேண்டியவை:

1. ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டுகள், வேறு நோய்க்கு எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள்.
2. பள்ளியில் ஆசிரியர் ஏதாவது எழுதித் தந்திருந்தால் அது, மதிப்பெண் அட்டை.
3. ஒரு துண்டுத் தாளில் தேதி வாரியாக நடந்தது. "தீபாவளிக்கு அப்புறம் தூங்கல, பொங்கலுக்கு ஸ்கூல் போறத நிறுத்திட்டான்" என்ற அளவில் போதும். வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு மருத்துவர் முன்னால் பாதி மறந்துவிடும்.

அறிவுத்திறன் சோதனை போன்றவை அன்றே முடியாது. தேதி கொடுப்பார்கள், சில வாரங்கள் தள்ளியும் இருக்கலாம். மாத்திரை 15 நாளுக்கோ ஒரு மாதத்துக்கோ இலவசமாகக் கொடுத்து மறுபடி வரச் சொல்வார்கள். சிகிச்சை அறுந்துபோவது இந்த இடத்தில்தான். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் மாதம் ஒரு காலை என்பது ஒருநாள் சம்பளம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்குப் பயணம் இலவசம் என்பது கொஞ்சம் ஆறுதல், பையனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றாலும். பிள்ளை நன்றாக இருக்கிறது, எதற்கு ஒருநாள் கூலி போக வேண்டும் என்று மூன்றாவது மாதம் தோன்றும். நன்றாக இருப்பது மாத்திரையால் என்பதை அப்போது நினைவில் வைப்பது கஷ்டம்.

மாத்திரையைப் பற்றிய பயம்

'தூக்க மாத்திரை குடுத்து மயக்கத்துலயே வெச்சிருவாங்க', 'ஒருதடவ ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாது' என்ற இரண்டும் எல்லா வரிசையிலும் கேட்கும்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் தூக்க மாத்திரைகள் இல்லை; போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவு முதல் வாரமே தெரியும், பலன் நான்காவது வாரம்தான் தெரியும். இந்த இடைவெளியில்தான் பலர் "ஒத்துக்கல" என்று நிறுத்துகிறார்கள். இளையோரில் சிலருக்குத் தொடக்கத்தில் பதற்றம் கூடலாம், தற்கொலை எண்ணங்கள்கூட வரலாம். அதனால்தான் முதல் முறை சீக்கிரமாகவே திரும்ப வரச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. எத்தனை காலம் என்பது நோயைப் பொறுத்தது. மனச்சோர்வுக்குச் சில மாதங்களில் குறைத்து நிறுத்தலாம். மனச்சிதைவுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். எதுவானாலும் நாமாக ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து.

தாயத்து, தர்கா, கோயில்

வீட்டில் பெண் பிள்ளைக்கு மயக்கம் வந்து கை கால் வெட்டி இழுத்தால் 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கப் போவதுதான் முதல் வேலை. வழிபாட்டால் குடும்பத்துக்குத் தைரியம் வரும் என்றால் அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மருத்துவர்களே பெரும்பாலும் தடுப்பதில்லை. மந்திரிப்பதும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்காது. நாள் கணக்கில் அங்கேயே தங்கவைப்பதும், பட்டினி போடுவதும், அடிப்பதும் கட்டிப்போடுவதும் வேறு விஷயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

அந்தச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

1. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநல சேவையைப் பெறுவது உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.

2. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது எளிதில்லை. பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் வார்டில் வைக்கக் கூடாது. பாதுகாவலரோ அவர் நியமிக்கும் துணையாளோ கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆணாக இருந்தால் ஒரு பெண் துணைக்கு இருக்க வேண்டும். 'கூட்டிட்டுப் போனா பிடிச்சு அடைச்சிருவாங்க' என்ற பயத்துக்கு இதுவே பதில்.

3. சிகிச்சை விவரம் ரகசியம். பள்ளி கேட்டாலும் உறவினர் கேட்டாலும் மருத்துவமனை சொல்லாது. ஒரு விதிவிலக்கை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: பாலியல் வன்முறை நடந்ததாகப் பிள்ளை சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவரோ ஆலோசகரோ காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

4. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே இந்தச் சட்டம் கருதுகிறது; அவரைத் தண்டிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து விசாரிக்கலாம். அது பிள்ளை மேல் போடுகிற கேஸ் இல்லை. போலீஸுக்குப் பயந்து 'தெரியாம சாப்பிட்டுட்டா' என்று பொய் சொன்னால், உடம்பைக் காப்பாற்றி அனுப்புகிற மருத்துவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பாமலே விட்டுவிடுவார்.

மாத்திரைப் போதை

வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் கஞ்சாவும் பள்ளிப் பையன்கள் வரை வந்திருப்பதை வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போலீஸ் விஷயமாகவே இதைப் பார்ப்பதால் மருத்துவத்துக்கு வருவது தாமதமாகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்துகிறவர் அல்லது சிறு அளவு வைத்திருந்தவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும்.

மதுவையும் தூக்க மாத்திரைகளையும் நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அறையில் பூட்டிவைத்துத் திருத்துகிறேன் என்பது உயிரோடு விளையாடுவது. அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் உள்ளன. தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. தனியார் 'மறுவாழ்வு இல்லம்' என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்ல வேண்டும். நாலு பேர் வேனில் வந்து பையனைத் தூக்கிப்போவதாகச் சொல்லும் இடம், பிள்ளையைப் பார்க்கவோ போனில் பேசவோ விடாத இடம், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்

உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலின்படி ஆசிரியர்களுக்கும் பிற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும். உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதிவைக்க வேண்டும். 100 மாணவர்களுக்குக் குறைவான பள்ளி, வெளியே ஒரு மனநல நிபுணரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் இவற்றைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எழுத்துக்கூட்ட முடியாமலும் கணக்குப் போட முடியாமலும் திணறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஆட்டிசத்தையும் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். சோதனைக்கும் சான்றிதழுக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2018இல்தான் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறின. ஆதாரில் இன்னும் திருவள்ளூர் என்றே இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். சிகிச்சைக்கு மாவட்டம் பார்ப்பதில்லை, மாற்றுத்திறனாளி அட்டைக்கும் உதவித்தொகைக்கும் பார்ப்பார்கள்.

வீட்டில் மற்றவர்கள்

பிள்ளைக்கு ஓராண்டு சிகிச்சை என்றால் வீட்டிலும் ஓராண்டு மாற்றம். ஓ.பி. சீட்டையும் மருந்துச் சீட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடுத்த தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, இந்த மாதம் அம்மா, அடுத்த மாதம் சித்தப்பா என்று முறை வைத்துக்கொண்டால் ஒருவர் வேலை மட்டும் போகாது. மாத்திரை தீருவதற்கு மூன்று நாள் முன்பே போக வேண்டும். தீர்ந்த அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் இடைவெளி விழும். அண்ணனுக்கோ தங்கைக்கோ நடப்பது என்னவென்று அவர்கள் வயதுக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் தெரு சொல்லிவிடும்.

மாதக்கணக்காகத் தூங்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் மனச்சோர்வு வரும். அதற்குத் தனியாக ஒரு நாள் லீவு போட வேண்டியதில்லை. பிள்ளையின் தேதிக்குப் போகும்போது அதே கவுன்டரில் தன் பெயரிலும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.